கேன்சருக்காக ஒரு மொட்டை

1

நான் சாகப்போகிறேன் என்ற செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது நான் மீன் கம்பெனியின் குளிர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். சொன்னவன் நிஜாம். பரங்கிப்பேட்டைக்காரன், கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு இப்போது ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். போனை எடுத்ததும் அவன் பேசவில்லை. அழுதான்.

"மச்சான், ஏண்டா ஒரு வார்த்த சொல்லல?"

"என்னாத்த சொல்லல?"

"மறைக்காதடா. எல்லாம் தெரிஞ்சிபோச்சி. எந்த எடத்துல?"

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கிறான் என நினைத்து, "கோல்டு ஸ்டோரேஜ்ல" என்றேன்.

அவன் அழுகை இன்னும் ஜாஸ்தியானது. உடம்பில் எந்த இடத்தில் கேன்சர் என்று அவன் கேட்டிருக்கிறான். நான் கிட்டத்தட்ட பிணவறையிலிருந்து பதில் சொல்லியிருக்கிறேன்.

2

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். பிறந்தது கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில். "நீயாவது மீன் நாத்தம் இல்லாம பொழைக்கணும்" என்று அப்பா என்னைப் படிக்க வைத்தார். நான் கடல் உயிரியல் படித்து, விசா, இன்டர்வியூ, ஆங்கிலப் பரீட்சை எல்லாம் தாண்டி, கடல் கடந்து வந்து, இப்போது மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கையெழுத்துப் போடுகிறேன். அப்பா உயிரோடு இருக்கும்வரை, "ஆபீஸ்ல வேலப்பா" என்றுதான் சொல்லிவந்தேன்.

இங்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேன்சர் பிரிவைப் பெரிதாக்க நிதி திரட்டினார்கள். இந்த ஊரில் நிதி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா கேட்கக் கூடாது, முதலில் தன்னை ஏதாவது ஒரு விதத்தில் வருத்திக்கொள்ள வேண்டும். ஒருத்தர் மலை ஏறுவார். ஒருத்தர் ஜில்லென்ற கடலில் குதிப்பார். எங்கள் கம்பெனி மேனேஜர் ஒரு தொட்டி நிறைய அவித்த பீன்ஸில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் பரிதாபப்பட்டுப் பணம் போடுவார்கள். நம்மூரில் சாமிக்கு நேர்ந்துகொள்வது போலத்தான், சாமி மட்டும் இல்லை.

எங்கள் பிரிவின் சூப்பர்வைசர் மார்கரெட் என்னிடம் வந்து, "நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டாள். எனக்கு ஓடவும் தெரியாது, கேக் செய்யவும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "மொட்டை போட்டுக்கொள்கிறேன்."

கேன்டீனே எழுந்து நின்று கை தட்டியது. ஒரு கிழவர் என் தோளைப் பிடித்து, "உனக்கு எவ்வளவு தைரியம்" என்றார். என் வாழ்க்கையில் போட்ட மொட்டைகளுக்கெல்லாம் நான்தான் காசு கொடுத்திருக்கிறேன். வைத்தீஸ்வரன்கோயிலில் வரிசையில் வேறு நின்றிருக்கிறேன். மொட்டைக்குக் காசு வாங்கிக்கொள்ளவும் முடியும் என்பது தெரியாமலேயே பாதி வயசு போய்விட்டது.

ஆனால் அவ்வளவு சுலபமாகவும் விடவில்லை. பணியிடத்தில் தலை சிரைப்பதால் வரக்கூடிய ஆபத்துகள் என்னென்ன என்று ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள். "சளி பிடிக்கலாம்" என்று எழுதினேன். திருப்பி அனுப்பி, "சளியைத் தடுக்க எடுக்கும் நடவடிக்கை?" என்று கேட்டார்கள். "தொப்பி" என்று எழுதியதும் அனுமதி கிடைத்தது. மார்கரெட்டே மெஷினை எடுத்து, அழுதுகொண்டே என் தலையை வழித்தாள். அவள் அம்மா அந்த ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் வேலைக்குப் போனால், தலையில் வலை மாட்டாமல் உள்ளே விட மாட்டேன் என்றாள் அதே மார்கரெட். "முடியே இல்லையே" என்றேன். "விதியில் முடி இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்கவில்லை" என்றாள்.

மொட்டைத் தலையோடு நானும், பக்கத்தில் கண்ணைத் துடைத்தபடி மார்கரெட்டும் நிற்கும் படத்தை என் மகள் நிலா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இங்கேயே பிறந்தவள், பதினான்கு வயசு. தமிழில் எழுது, தமிழில் எழுது என்று நான் நச்சரித்ததால், அன்றைக்கு என்னைச் சந்தோஷப்படுத்தத் தமிழிலேயே எழுதியிருந்தாள்: "அப்பாவுக்கு கேன்சருக்கு மொட்டை. எல்லாரும் ப்ரே பண்ணுங்க."

"என்ன தப்பு?" என்றாள் நான் கத்தியபோது. "'கு' போட்டா 'ஃபார்'னு நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க? கேன்சருக்கு. ஃபார் கேன்சர்."

இலக்கணப்படி அவள்மீது தப்பே இல்லை.

3

சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா என் பேரில் அர்ச்சனை செய்து பிரசாதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நிஜாம் ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் எல்லாரையும் எனக்காக துஆ கேட்கச் சொன்னான். இரண்டு பக்கமும் எனக்காகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதோடு விடாமல், கல்லூரி நண்பர்கள் குழுவில் நிஜாம் ஒரு வசூலையும் ஆரம்பித்துவிட்டான். வெளிநாட்டில் வைத்தியச் செலவு எக்கச்சக்கம் என்று அவனுக்குத் தெரியும். இங்கே வைத்தியம் இலவசம் என்பது தெரியாது.

"எனக்கு ஒண்ணுமே இல்லடா. நல்லா இருக்கேன்."

"இப்பிடித்தான் இருக்கணும் மச்சான். இந்த நம்பிக்கதான் பாதி மருந்து."

யாரிடம் சொன்னாலும் இதே பதில். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல என் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி அனுப்பிவிடலாம் என்று எங்கள் தெரு கிளினிக்குக்குப் போனேன்.

"என்ன நோய்க்குச் சான்றிதழ்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"நோய் இல்லை என்பதற்கு."

"எந்த நோய்?"

"கேன்சர்."

"உங்களுக்குக் கேன்சர் என்று யார் சொன்னது?"

"கடலூர் மாவட்டம்" என்றேன்.

 அவள் மன அழுத்தத்தில் இருப்பவர்கள் கூப்பிட வேண்டிய நம்பர் அச்சடித்த ஒரு அட்டையை மிகவும் அன்பாக என் பக்கம் நகர்த்தினாள்.

4

ஊரே போன் செய்தது. மல்லிகா அக்கா மட்டும் செய்யவில்லை.

எனக்கு ஒரே அக்கா. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். மாமா தண்டபாணிக்கு அங்கே பைப்பு, குழாய், பெயின்ட் விற்கும் கடை. எனக்குத் தும்மல் வந்தால்கூட அக்கா அங்கே இருந்துகொண்டு வேப்பிலை அரைக்கிற ரகம். அவள் சும்மா இருந்தது எனக்கு உறுத்தியது. நானாகக் கூப்பிட்டால் மாமாதான் எடுத்தார். ஒருமுறை "தூங்குறாப்பா" என்றார். ஒருமுறை "குளிக்கப் போயிருக்கா". இன்னொரு முறை நான் கேட்பதற்கு முன்பே "கோயிலுக்கு" என்றார்.

இரண்டு நாள் கழித்து அக்காவே வீடியோவில் வந்தாள். முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"எத்தினி சைக்கிள் சொல்லியிருக்காங்க வேலு?"

"என்னா சைக்கிள்?"

"மருந்து ஏத்துறதுடா. வாயில புண்ணு வந்துடுச்சா? மருந்து ஏறும்போதே ஐஸ் துண்டு ஒண்ண வாயில போட்டுக்க. சோத்தக் கொழைய வடிச்சி மோர்ல கரைச்சிக் குடி, காரம் சேக்காத. ரெண்டாம் நாளு ஒண்ணும் தெரியாது. மூணாம் நாளுதான் எலும்பெல்லாம் முறிச்சிப் போட்ட மாரி இருக்கும். பயந்துக்காத, அஞ்சாம் நாளு சரியாப்பூடும். நகம் கறுத்தா அதுக்கு ஒண்ணும் பண்ணாத, தானா போவும்."



"அக்கா, இதெல்லாம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

பின்னால் மாமா எதையோ கீழே போடும் சத்தம் கேட்டது.  அக்கா முந்தானையை அவிழ்த்தாள். தலையில் ஒரு முடி இல்லை.

"இப்பிடித்தான்" என்றாள்.

மார்பில் கட்டி. பொங்கலுக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இது ஆடி மாசம். இடையில் எத்தனை முறை பேசியிருப்போம். சாம்பார் பொடி வந்து சேர்ந்ததா என்று கேட்டிருக்கிறாள். நிலாவின் பரீட்சை பற்றிப் பேசியிருக்கிறாள். வீடியோ போடு என்றால், "டவர் கெடைக்கல" என்பாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ என்னா பண்ணுவ? அங்க ஒக்காந்து அழுவ. அழுவுறதுக்கு இங்க ஒங்க மாமா இருக்காரு, போதும்."

எனக்கு ஒன்றும் இல்லை, இங்கே ஊர் ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்க்க மொட்டை போட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"யாருக்கோ மொட்ட போட்டியா? நல்லாருடா நீ. நாலு நாளா நான் படுத்துக்கினு என்னா நெனைச்சேன் தெரியுமா? ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டா இந்த மனுஷன் யாரப் போய்ப் பாப்பாரு, யாருக்குக் காரியம் பண்ணுவாருன்னு."

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். பின்னால் மாமா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

"ஏழு மாசமா நம்மகிட்ட பொய் சொல்லியிருக்காங்க" என்றாள் நிலா அன்று சாப்பிடும்போது. பொய் இல்லை, பாசம் என்றேன். "இந்த ஊர்ல ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அத்தைக்கு அவள் என்ன அனுப்பினாளோ, அதற்குப் பிறகு இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை.

5

கிடைத்த முதல் டிக்கெட்டில் ஊருக்குப் போனேன். என்னை வந்து பார்த்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த ஒரு பெரியவர், போகும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று வாசலில் ரொம்ப நேரம் யோசித்தார்.

மருந்து ஏற்ற ஒவ்வொரு முறையும் பாண்டிக்கு அலைய முடியாது என்று, அக்காவை இப்போது சிதம்பரம் போகும் வழியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். பெயர் வேண்டாம். நல்ல மனுஷர்கள் நடத்துவது. வாரத்தில் சில நாள் வெளியூர் டாக்டர் வருகிறார். கேன்சருக்கென்று ஒரே ஒரு அறை, அதில் நாலு கட்டில், ஒரு மின்விசிறி. மருந்து ஏற்றுகிற நர்ஸ் தங்கமான பெண். ஒரே ஒரு சங்கடம் கக்கூஸ். அது வராந்தாவின் கடைசியில் இருந்தது. டோக்கனுக்கு நிற்கிற கூட்டத்தைத் தாண்டி, ரெண்டு படி ஏறி, குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் மருந்து பாட்டில்.

"நெறய தண்ணி குடிக்கச் சொல்றாரு டாக்டரு" என்றாள் அக்கா. "இங்க ஒருத்தியும் குடிக்கிறதில்ல. குடிச்சா போவணுமே."

அவள் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்த செல்வி எழுந்தாள். கிள்ளையில் மீன் விற்கிறவள். நானும் அந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் என்னிடம் கொடுவா மீன் என்ன விலை விற்கிறது நீங்கள் இருக்கிற ஊரில் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூட வந்த புருஷன் டீ குடிக்கப் போயிருந்தான். பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். கூட்டம் வழி விட்டது. இரண்டாவது படியில் கால் தவறி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கையில் ஊசி பிய்ந்து ரத்தம் வழிந்தது. புடவை நனைந்திருந்தது. அவள் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. "எல்லாரும் பாக்குறாங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

6

நிஜாமிடம் என் பேரில் சேர்ந்த பணம் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் யாரும் வாங்கவில்லை. "கேன்சருக்குன்னு எடுத்து வச்ச காசுடா, அத எப்பிடி வூட்டுக்குள்ள திரும்பக் கொண்டாறது?" என்றார்கள். சரி, கேன்சருக்கே போகட்டும் என்று முடிவு செய்து நான், நிஜாம், மாமா, அக்கா நாலு பேரும் தர்ம ஆஸ்பத்திரியின் செயலாளரைப் பார்க்கப் போனோம். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், வெள்ளை வேட்டி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"வாசல்ல ஒரு நுழைவு வளைவு கட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. மேல உங்க எல்லார் பேரும் வரும். மெயின் ரோட்டுல போற பஸ்ஸுலேருந்தே படிக்கலாம்."

நிஜாம் பஸ்ஸிலிருந்து படிப்பதைக் கற்பனை செய்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா பேசினாள்.

"சார், வளைவுல யாரும் ஒண்ணுக்குப் போவ முடியாது. அந்த ரூமோட சேத்து ஒரு பாத்ரூம் கட்டுங்க. ஒக்கார்ற மாரி, புடிச்சிக்கக் கம்பியோட."

செயலாளர் மறுக்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். "கட்டலாம்மா. ஆனா கல்வெட்டு? கொடுத்தவங்க பேர பாத்ரூம் செவுத்துல எப்பிடிப் போடுறது? கோவிச்சுக்க மாட்டாங்களா?"

நிஜாம் அந்த இடத்திலேயே குழுவில் கேட்டான். பாத்ரூம் சுவரில் தன் பேர் வருவதை ஒருத்தனும் விரும்பவில்லை. பேர் விட்டுப்போவதையும் ஒருத்தனும் விரும்பவில்லை. கடைசியில் "கல்லூரி நண்பர்கள்" என்று பொதுவாகப் போடுவது என்று முடிவானது.

பணம் கொஞ்சம் குறைந்தது. மீதியை நான் தருகிறேன் என்றேன். செயலாளர் என்னை உற்றுப் பார்த்து, "தம்பி எந்த ஊர் பாஸ்போர்ட்?" என்றார். சொன்னேன். அவர் முகம் வாடியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்பதால் என் பணம் வெளிநாட்டுப் பணம், அதை வாங்க தில்லியிலிருந்து அனுமதி வேண்டும், அவர்களிடம் அது இல்லை.

"சார், நான் கிள்ளையில பொறந்தவன்."

"பொறந்தது சரி தம்பி. சட்டம் பாஸ்போர்ட்டத்தான பாக்குது?"

பல வருஷம் துபாயில் இருந்த நிஜாமின் பணம் உள்நாட்டுப் பணம். பக்கத்து ஊரில் பிறந்த என்னுடையது அந்நியப் பணம். என் மொட்டையால் பலன் பெற ஸ்காட்லாந்துக்கு அனுமதி இருந்தது, எங்கள் ஊருக்கு இல்லை. மாமா எழுந்து, "குழாய், பீங்கான், கம்பி எல்லாம் நம்ம கடையிலேருந்து" என்றார்.  திரும்பி வரும்போது காரில், "அந்தக் கம்பி நாளைக்கே அனுப்பிடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

7

நான் திரும்பி வந்துவிட்டேன். ஆவணியில் அக்காவுக்கு மருந்து முடிந்தது. அதற்குப் பிறகு பாண்டியில் கரண்டு வைத்தார்கள். கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்று மாசம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. "வந்து காட்டுங்க" என்றார். இப்போதைக்கு எங்களுக்கு அதுவே பெரிய வார்த்தை.

பாத்ரூம் ஐப்பசியில் தயாரானது. திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலையில். சிறப்பு விருந்தினர் மதியமாகியும் வரவில்லை. அது இங்கே கம்பெனியில் என் காலை டீ நேரம். நிஜாம் வீடியோவில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பாட்டிலை மாட்ட உள்ளே ஒரு கொக்கி வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். துளை போட்டால் புது டைல்ஸ் விரிந்துவிடும், விழா முடியட்டும் என்று செயலாளர் நிறுத்தி வைத்திருந்தார். கதவுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். நாற்காலிகளில் நல்ல கூட்டம். மார்கரெட் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, இது என்ன கல்யாணமா என்றாள். கக்கூஸ் என்றேன். 

உள்ளே கட்டிலில் செல்விக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் அக்காவைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னது தெரிந்தது. அக்கா எழுந்தாள். தலையில் அரை விரல் உயரத்துக்கு முடி முளைத்திருந்தது, முக்காடு போடவில்லை. செல்வியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, ரிப்பனைப் பார்த்து, ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே போட்டாள். செல்வி உள்ளே போனாள். அக்கா வெளியே நின்று, கதவு இடுக்கு வழியாகக் கையை உள்ளே நீட்டி பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக அந்த நேரத்தில் கார் வந்தது. மாலை, சால்வை, கத்தரிக்கோல் வைத்த தட்டு, பின்னால் போட்டோக்காரர். சிறப்பு விருந்தினர் சிரித்த முகத்தோடு கதவு வரைக்கும் வந்துவிட்டார். செயலாளர் தரையில் கிடந்த ரிப்பனைப் பார்த்தார். "மல்லிகாம்மா, கொஞ்சம் நகருங்க, ஐயா தொறக்கணும்" என்றார் கெஞ்சுகிற குரலில்.

அக்கா பாட்டிலைக் கீழே இறக்கவில்லை.

"உள்ள ஆளு இருக்குது சார்" என்றாள். "செத்த நேரம் அப்பிடி ஒக்காருங்க."

சிறப்பு விருந்தினர் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, காத்திருந்தார்.